பச்சை உடம்பும் எடை இயந்திரமும்

நெய்யும் லேகியமுமாகச் சாப்பிடச் சொல்கிறார் பாட்டி. நாற்பதே நாளில் இளைக்கச் சொல்கிறது செல்பேசி. பால் கொடுக்கும் தாய் யார் பேச்சைக் கேட்பது?

மும்பை மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மாடிப்படி ஏறும்போதே மூக்கு சொல்லிவிடும். சுக்கும் திப்பிலியும் ஓமமும் வெல்லப்பாகில் கொதிக்கும் வாசனை வந்தால், பாலக்காட்டிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பாட்டி வந்து இறங்கிவிட்டார் என்று அர்த்தம். அவர் பையில் பிரசவ லேகியமும் அங்காயப்பொடியும் வீட்டில் காய்ச்சிய நெய்யும் இருக்கும். எதிர் வீட்டுக் குஜராத்திக் குடும்பம் காட்லு கொடுத்தனுப்பும். மேல்மாடி மராத்திக் குடும்பத்திலிருந்து கோந்து பொரித்துப் போட்ட டிங்க் லாடு ஒரு டப்பா வரும். பிள்ளை பெற்றவளுக்கு நெய் வேண்டும் என்ற விஷயத்தில் மட்டும் இந்தப் பேட்டையில் மொழிச் சண்டை கிடையாது.

பிள்ளை பெற்றவளின் கையில் இருக்கும் செல்பேசியோ வேறு பாட்டுப் பாடுகிறது. பிரசவமான ஆறாவது வாரத்தில் தட்டையான வயிற்றோடு நடிகைகள் அதில் வருகிறார்கள். எலுமிச்சைச் சாறும் தேனும், சீரகத் தண்ணீர், சாதத்தை அறவே நிறுத்துவது என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். பழைய சல்வார் கமீஸ் இடுப்பில் ஏறாது. பார்க்க வருகிற உறவினர்கள் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "என்னடி இப்படிப் பருத்துப் போயிட்டே?" என்று தாயைக் கேட்காமல் போவதில்லை. அப்படிக் கேட்பவரேதான் அடுத்த நிமிடம் சாதத்தில் இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றுவார்.

உலக அழகிக்கே இந்தப் பேச்சிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. 2011 நவம்பரில் மும்பையில் மகளைப் பெற்ற ஐஸ்வர்யா ராய் அடுத்த ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவுக்குப் போனார். அப்போது பிள்ளைக்கு ஆறு மாதம். அவருடைய இடுப்பின் அளவு உலகச் செய்தியாயிற்று. கேலிக் காணொலி ஒன்றைப் பல்லாயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். ஆறு மாதக் குழந்தையின் தாய் எப்படி இருப்பாள் என்பது அவ்வளவு பேருக்கும் மறந்துபோனதுதான் ஆச்சரியம்.

மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது 'பிரசவத்துக்குப் பிந்தைய காலகட்டம்' என்று நீட்டி முழக்கி எழுத வேண்டியிருக்கிறது. நம் பாட்டிகள் இரண்டே சொல்லில் 'பச்சை உடம்பு' என்றார்கள். பச்சைப் புண், பச்சை மண் என்பதுபோல இன்னும் ஆறாத, இன்னும் இறுகாத உடம்பு. எடையைப் பற்றி எதைப் பேசுவதானாலும் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கர்ப்ப காலத்தில் ஒரு பெண் 11 கிலோ கூடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்தன்றே குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் என்று சுமார் 5 கிலோ குறைந்துவிடுகிறது. அடுத்த சில வாரங்களில் உடம்பில் தேங்கிய நீர் வடிகிறது. ஒரு கிலோ வரை பெருத்திருந்த கருப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இதில் ஏறத்தாழ 2 கிலோ போகும். மிச்சம் 4 கிலோ. இந்தப் பெண்ணின் கவலையெல்லாம் இந்த நாலு கிலோவைப் பற்றித்தான். ஆனால் அது தப்பித் தவறி வந்து ஒட்டிக்கொண்ட எடை இல்லை. இனி பால் சுரக்க வேண்டுமே என்று உடம்பு முன்கூட்டியே இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைத்த கொழுப்பு.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு சுமார் 750 மில்லி பால் வேண்டும். அந்தப் பாலில் ஏறத்தாழ 500 கலோரி இருக்கிறது. அதைத் தயாரிக்கும் செலவையும் சேர்த்தால் 600க்கு மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையும் அதையே சொல்கிறது. முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2004இல் தந்த கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நல்ல போஷாக்குள்ள தாயின் உடம்பு தினமும் சுமார் 170 கலோரியைத் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துப் பாலுக்குக் கொடுத்துவிடும். அப்படிக் கொடுத்தால் மாதத்துக்கு சராசரியாக 800 கிராம் எடை குறையும். அதாவது அந்த 4 கிலோவுக்கு ஐந்து மாதம்.

இது சராசரிதான். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. 'பால் கொடுத்தாலே இளைத்துவிடுவாய்' என்பது பாதி உண்மை. பால் கொடுப்பவளுக்கு அகோரப் பசியும் எடுக்கும். சிலருக்குப் பால் குடி நிறுத்தும்வரை எடை அசையாமலே நிற்பதும் உண்டு.

பாட்டியின் கரண்டி குறுக்கே வருவது இந்த இடத்தில்தான். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு டிங்க் லாடு சாப்பிட்டால் 350 முதல் 400 கலோரி வரை ஆகிவிடும். மூன்று வேளையும் சாதத்திலும் ரசத்திலும் ஊற்றும் நெய் இரண்டு மேசைக்கரண்டி என்றால் அதில் 250. பாதாம் அரைத்துப் போட்டுச் சர்க்கரை சேர்த்த எருமைப்பால் ஒரு டம்ளர் 250ஐத் தொடும். லேகியத்தைக் கணக்கில் சேர்க்காமலே 600ஐத் தாண்டி வெகுதூரம் போயாயிற்று. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இது முழுவதும் வரவானால், உடம்பு தன் சேமிப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பிரசவத்துக்குப் பின் எடை ஏறுகிற பெண்கள் பலரின் ரகசியம் இதுதான்.

இதற்காகப் பாட்டியைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆட்டுக்கல்லிலும் உலக்கையிலும் நாள் முழுக்க உழைத்து, கிணற்றில் நீர் இறைத்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்ட பெண்ணுக்கு, வாழ்க்கையில் யாராவது கூப்பிட்டு உட்கார வைத்து நெய் ஊற்றிய ஒரே காலம் பிரசவ காலம். நாற்பது நாள் கழிந்ததும் மறுபடி உலக்கைதான். அவளுக்கு அந்த நெய் தேவைப்பட்டது. இன்று மிக்ஸியும் லிஃப்டும் இருக்கும் வீட்டில் அதே அளவு நெய்யை, நாற்பது நாளோடு நிறுத்தாமல் நாலு மாதம் தொடர்வதில்தான் சிக்கல்.

என்னைக் கேட்டால், பத்தியச் சாப்பாட்டின் பெரிய குறை அதில் இருப்பது அல்ல, அதில் இல்லாததுதான். பருப்பு வாயு, கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், சைவ வீட்டு இலையில் மிஞ்சுவது மிளகு ரசமும் நெய்ச் சாதமும் சுட்ட அப்பளமும்தான். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு சுமார் 17 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். அது ரசத்திலிருந்து வராது. பால்சுறாப் புட்டும் கருவாட்டுக் குழம்பும் நாட்டுக்கோழிச் சாறும் கொடுக்கும் தென் தமிழ்நாட்டு வீடுகள் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். தண்ணீரைக் குறைப்பதோ நேரான தவறு. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தாகமெடுத்தால் குடிக்கத்தான் வேண்டும். நீர் குடிப்பதால் யாருக்கும் தொப்பை விழுவதில்லை.

பூண்டும் வெந்தயமும் பாலைப் பெருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் உறுதியான ஆதாரமும் இல்லை. குழந்தை அடிக்கடி உறிஞ்சி மார்பு காலியாகக் காலியாகப் பால் ஊறும். அதற்கு இணையான மருந்து எந்த நாட்டு மருந்துக் கடையிலும் இல்லை.

நல்ல காய்கறிக்கு மாட்டுங்காவில் பஞ்சமில்லை. முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் தேடி மற்ற பேட்டைத் தமிழர்கள் ரயிலேறி இங்கேதான் வருகிறார்கள். காலையில் நாலு இட்லியும் பருப்பு நிறையப் போட்ட சாம்பாரும், மதியம் கீரைக் கூட்டோடு சாதமும் தயிரும், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு கேழ்வரகு தோசை, இடையில் இரண்டு பழம், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டை. நெய் வேளைக்கு ஒரு தேக்கரண்டி இருந்துவிட்டுப் போகட்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பாலூட்டும் தாயின் தேவையோ நாளைக்கு 1,200 மில்லிகிராம். லாடுவைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டார் மனம் நோகக்கூடாது என்றால் நாளைக்கு அரை லாடு. மிச்சத்தைக் கணவருக்குக் கொடுக்கலாம்.

மாட்டுங்கா ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது தாராவி. அங்கே தலைமுறைகளாக வாழும் நெல்லைச் சீமைத் தமிழ்க் குடும்பங்களில் இதே கேள்வி தலைகீழாக நிற்கிறது. வீட்டு வேலைக்கும் பட்டறைக்கும் போகும் பெண்ணுக்கு 2017இல் உயர்த்தப்பட்ட 26 வாரச் சம்பள விடுப்பு எட்டாத கனி. சில வாரங்களில் வேலைக்குத் திரும்பி, மதியச் சாப்பாட்டை டீயிலும் பாவ் ரொட்டியிலும் முடித்துக்கொண்டு, பாலும் கொடுப்பவருக்கு எடை தானாகவே குறைகிறது. அதைப் பார்த்து 'கொடுத்து வைத்தவள்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிச் சொல்வதைப்போல அபத்தம் வேறில்லை. அரைவயிறு சாப்பிடும் தாய்க்கும் பால் பெருமளவுக்குச் சரியாகவே சுரக்கும். உடம்பு குழந்தையைப் பட்டினி போடாது. அந்தச் செலவைத் தாயின் கணக்கில் எழுதிவிடும். அவளுடைய எலும்பிலிருந்து கால்சியமும் தசையிலிருந்து புரதமும் போகும். பிரசவத்தில் இழந்த ரத்தம் ஊறாமல் சோகை கூடும். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தரப்படும் உணவுக்கு அரசு வகுத்திருக்கும் அளவு நாளைக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். மாட்டுங்கா வீட்டில் லாடுவும் நெய்யுமாக அநாயாசமாகத் தாண்டப்படும் அதே 600. தாராவியில் பல வீடுகளில் அந்தப் பொட்டலமும் குடும்பம் முழுவதற்கும் பங்காகிவிடுகிறது.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 24 சதவீதம் பேர் அதிக எடை, 18.7 சதவீதம் பேர் தேவைக்கும் குறைந்த எடை. தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 40 சதவீதம். சயான் மருத்துவமனையின் வரிசையில் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். 1989இல் டாக்டர் அர்மீடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது இந்த மருத்துவமனையில்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகத் தங்கள் பாலைப் பிழிந்து கொடுத்த தாய்மார்களில் பலர் இந்தச் சுற்றுவட்டாரத்து ஏழைப் பெண்கள்.

சரி, நிஜமாகவே எடை அதிகமுள்ள தாய் எப்போது, எவ்வளவு குறைக்கலாம்? இதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த செரில் லவ்லேடியும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. பால் மட்டுமே கொடுத்துவந்த, எடை கூடிய 40 தாய்மார்களை இரண்டு பிரிவாக்கினார்கள். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் ஒரு பிரிவினர் நாளைக்கு 500 கலோரி குறைத்து, வாரத்தில் நாலு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள். பத்து வாரத்தில் அவர்கள் குறைத்தது சராசரியாக 4.8 கிலோ, மற்றப் பிரிவினர் 0.8 கிலோ. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் வித்தியாசமே இல்லை. ஆக, வாரத்துக்கு அரை கிலோ என்பது சோதித்துப் பார்த்த வேகம். கவனிக்க வேண்டியது, அவர்கள் எல்லோரும் எடை கூடியவர்கள். நம் ஊரில் 50 கிலோ எடையுள்ள பெண், சினிமாவைப் பார்த்து 45 ஆக நினைத்தால் அவருக்கு இந்த ஆய்வு பொருந்தாது.

நம் கணக்கில் சொன்னால், வீட்டோடு இருக்கும் 55 கிலோ பெண்ணின் வழக்கமான தேவை 1,660 கலோரி. பாலுக்கு 600 சேர்த்து 2,260. அதில் 500 கழித்தால் 1,760. எனவே 1,800ஐ ஒட்டி நின்றுகொள்வது நல்லது. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. ஆறாவது வாரம் வரைக்கும் எடையைக் குறைக்கும் முயற்சியையே தள்ளிப் போட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பால் நிலைப்படவும் புண் ஆறவும் அந்த அவகாசம் வேண்டும்.

உண்மையான ஆபத்து இருப்பது அவசரக்காரர்களின் வழியில். சாதம், ரொட்டி, பழம் எல்லாவற்றையும் விலக்கும் கீட்டோ முறையைப் பின்பற்றிய பாலூட்டும் தாய்மார்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறி அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போய்விடும் பட்டினி, தினமும் அரை லிட்டருக்கு மேல் பால் கொடுப்பவருக்கு அப்படிப் போகாது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்து பரபரப்பாகப் பேசப்பட்ட எடை குறைக்கும் ஊசிகள் பாலூட்டும் தாய்களுக்கு உரியவை அல்ல. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை, பேதி மருந்து கலந்த 'இயற்கை' டீ ஆகியவையும் வேண்டாம். நாம் விழுங்குவதில் ஒரு பங்கைக் குழந்தையும் குடிக்கிறது.

உடற்பயிற்சி செய்தால் பால் கெட்டுவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 33 தாய்மார்களை 12 வாரம் கவனித்து 1994இல் வெளியான ஆய்வு, பாலின் அளவும் சத்தும் மாறவில்லை என்று காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பயிற்சி செய்தவர்கள் பசித்துக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; எடை மற்றவர்களைவிட அதிகமாகக் குறையவில்லை. நடந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நடையால் உடம்பின் உறுதியும் மனசின் தெளிவும் கூடும். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஃபைவ் கார்டன்ஸ் வரை மரநிழலில் போய்த் திரும்பும் நடை போதுமானது. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. சுகப்பிரசவமானால் முதல் வாரத்திலேயே மெல்ல நடக்கத் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் கடினமான பயிற்சிக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முதுகுக்கு ஆதாரமாகக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொழுப்பு துணிக்குப் பயந்து எங்கும் ஓடுவதில்லை. முன்வயிற்றின் தசைகள் கர்ப்பத்தில் நடுவே விலகியிருக்கும். அவை சேர மாதங்கள் ஆகும். மூச்சை வெளிவிட்டு அடிவயிற்றை உள்ளிழுக்கும் எளிய பயிற்சியும், சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் கட்டுத் துணியைவிட உருப்படியானவை.

தூக்கத்தைப் பற்றிப் பேச யாரும் இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது நாளைக்கு ஐந்து மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய தாய்மார்களில், ஓராண்டு கழித்தும் 5 கிலோவுக்கு மேல் குறையாமல் நின்றவர்கள் அதிகம் என்று அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நம் வழக்கத்திலோ பச்சை உடம்புக்காரி பகலில் தூங்கக்கூடாது. இரவில் குழந்தை தூங்க விடாது. இதற்கு லேகியத்தில் மருந்தில்லை. இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யவும் துணி மாற்றவும் அதன் தகப்பனார் எழுந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் எடை இறங்காமல், களைப்பும் முடி உதிர்தலும் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பின் அந்தச் சுரப்பி கோளாறு செய்வது அரிதல்ல. முதல் மாதத்துக்குப் பிறகும் எடை மளமளவென்று சரிந்தாலும் அதே பரிசோதனைதான். எதிலும் ஈடுபாடில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், அதை 'குண்டாயிட்டோம்கிற கவலை' என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பால் போதுகிறதா என்ற சந்தேகத்தைக் குழந்தையே தீர்த்துவைக்கும். நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, முதல் மூன்று மாதத்தில் நாளைக்கு 25 முதல் 30 கிராம் எடை கூடினால் கவலையில்லை.

கர்ப்பத்தின்போது சர்க்கரை ஏறியிருந்த பெண்களுக்கு எடை ஓர் அழகுப் பிரச்சினையே அல்ல. பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடுவதால் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பின்னால் நிரந்தரமாக நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பால் கொடுப்பதும் எடையை அளவாக வைத்துக்கொள்வதும் அதைக் குறைக்கும் அல்லது தள்ளிப்போடும். ஆறாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கும் பரிசோதனை இவர்களுக்கு அவசியம். குழந்தைக்கு முதல் பென்டாவேலன்ட் ஊசி போடுவதும் அதே ஆறாவது வாரம்தான். ஒரே நடையில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு ஒருமுறையாவது பசிக்கும். துணைக்கு ஆள் ஒருவரும், மாற்றுத் துணியும், பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரைக்கான சீட்டும் கையில் இருக்கட்டும்.